எக்ஸெல் ஓட்டுகிறவருக்குச் சங்கம் இல்லை

எங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும், அவருக்கு மேலே சென்னையிலும் டெல்லியிலும் உட்கார்ந்து விதி எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கமுங்க.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீடு கீழ்பவானி வாய்க்கால் பாயும் ஒரு ஊரில். ஊரைவிட்டுத் தள்ளி, தோட்டத்துச் சாளையில் இருக்கிறோம். மூன்று ஏக்கர் நிலம், நாலு கறவை மாடு, அப்பா, அம்மா, அப்புறம் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் சூப்பர் மொபெட். அந்த எக்ஸெலுக்காகத்தான் இந்த மடல்.

2004 நவம்பரில் அப்பா பெயரில் பதிவான வண்டி அது. விடியற்காலை ஐந்து மணிக்கு இரண்டு பால் கேனோடு சொசைட்டிக்குப் போகும். சாயங்காலம் இன்னொரு நடை. இடையில் புண்ணாக்கு மூட்டை, சோளத்தட்டுக் கட்டு, வாழைத்தார், சந்தை நாளில் அம்மா. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர் ஓடினால் அதிகம். எங்கள் பக்கம் மாட்டு வண்டியின் இடத்தை டிராக்டர் பிடித்துக்கொண்டது என்பார்கள். பாதிதான் சரி. கைச்சோலிக்கெல்லாம் யார் டிராக்டரைக் கிளப்புவார்கள்? மீதி இடத்தை எக்ஸெல்தான் பிடித்தது.

சொந்த வண்டிக்கு ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, பதினைந்து வருடம் செல்லும். பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2019-ல் முதல் தடவை வந்தபோது அப்பா ஒரு புரோக்கரிடம் வண்டியையும் காகிதத்தையும் கொடுத்தார், அவர் முடித்துக் கொடுத்தார். அரசாங்கக் கட்டணம் அப்போது 300 ரூபாய். புரோக்கர் எவ்வளவு வாங்கினார் என்று அப்பா இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. 2024-ல் மறுபடி வந்தது. இந்தத் தடவை நானே செய்கிறேன் என்று இறங்கினேன். கணக்கு எழுதுகிறவனுக்கு ஒரு படிவம் நிரப்பத் தெரியாதா என்ற மெத்தனம்.

படிவம் 25. ஆர்.சி. முடிவதற்கு அறுபது நாளுக்குள் போட வேண்டும். அரசாங்கத்தின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரையும் சேசிஸ் நம்பரின் கடைசி ஐந்து எழுத்தையும் தட்டினால் உள்ளே விடும் என்கிறது. தட்டினேன். ஓடிபி அனுப்பியாயிற்று என்றது. அப்பா போனைப் பார்த்தேன், என் போனைப் பார்த்தேன், வீட்டில் கிடந்த பழைய பட்டன் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கூடப் பார்த்தேன். வரவில்லை. திரையில் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிந்தது. அது எங்கள் வீட்டு நம்பரே இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது, அது 2019 புரோக்கரின் நம்பர். எங்கள் வண்டியின் பதிவேட்டில் ஐந்து வருடமாக அவர்தான் குடியிருக்கிறார். ஆர்.சி. முடியப்போகிறது என்று நீங்கள் ஏதாவது செய்தி அனுப்பியிருந்தால் அதுவும் அவருக்குத்தான் போயிருக்கும்.

நம்பரை மாற்ற சேசிஸ், என்ஜின், பதிவுத் தேதி, செல்லும் தேதி, ஆதார் என்று வரிசையாகக் கேட்டது. சேசிஸ் நம்பர்தான் எங்களைப் படுத்தியது. ஆர்.சி. கார்டில் அந்த வரி தேய்ந்துபோயிருந்தது. எப்படியும் விண்ணப்பத்தோடு சேசிஸ் அச்சு எடுத்து ஒட்ட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுத்தரையில் வண்டியை நிறுத்தி, அப்பாவும் நானும் மண்ணெண்ணெயும் உப்புத்தாளுமாக உட்கார்ந்தோம். இருபது வருடத்துச் சாணி, பால் சிந்திய துரு, கிரீஸ் எல்லாம் ஒரு அடுக்காகப் படிந்திருந்தது. தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு எழுத்தாக வந்தது. காகிதத்தை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் இரும்பில் வெட்டிய எழுத்து வெள்ளையாக எழும்ப வேண்டும். ஒரு இலக்கம் மட்டும் எழும்ப மாட்டேன் என்றது. அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார். "ஏங்கண்ணு, இது மூணா எட்டா?" நாலு காகிதம் வீணாயிற்று. ஐந்தாவதில் எட்டு என்று தெரிந்தது. அந்தக் காகிதத்தை அப்பா பஞ்சாங்கத்துக்குள் வைத்துப் பத்திரப்படுத்தினார்.

அடுத்தது புகைச் சான்று. இது தேவையில்லாத வேலை என்று நான் சொல்லவில்லை. எங்களுடையது டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுவது, புகை விடத்தான் செய்யும். பார்த்து அளந்து, மிஞ்சினால் நிறுத்துங்கள், நான் மறுபேச்சுப் பேச மாட்டேன். ஆனால் நான் போன இடத்தில் நடந்தது வேறு. வண்டியின் நம்பர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்தார்கள். சைலன்சரில் விட வேண்டிய குழாய் சுவரோரமாகச் சுருண்டு கிடந்தது. இரண்டு நிமிடத்தில் சான்று அச்சாகி வந்துவிட்டது, அளவுகளோடு. எங்கள் எக்ஸெல் அவ்வளவு சுத்தமாக மூச்சு விடுகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு வண்டியை நேரில் காட்டும் நாள். கம்பெனியில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, இருபத்தெட்டு கிலோமீட்டர் எக்ஸெலில் நானும் அப்பாவும். அலுவலக வாசலுக்கு எதிரே டீக்கடையில் ஒருவர், கேட்காமலே பக்கத்தில் வந்தார். "பெரியவரை ஏனுங்க அலைய விடறீங்க? நாலாயிரத்தைநூறு குடுங்க. வண்டியை மட்டும் நிறுத்துங்க, மீதி நான் பாத்துக்கறேன்." மரியாதையாகத்தான் பேசினார். அப்பாவுக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டது. நான்தான் வீம்புக்கு வேண்டாம் என்றேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். ஹாரன் அடிக்கச் சொன்னார், முன் லைட் போடச் சொன்னார், சுற்றிப் பின்னால் போனார். பின்னாடி லைட் எரியவில்லை.

"பெரியவரே, காலையில் எத்தனை மணிக்குப் பாலுக்குப் போவீங்க?"

"அஞ்சு மணிக்குங் சார்."

"மார்கழிப் பனியில பின்னாடி ஒரு லாரி வந்தா, முன்னாடி நீங்க போறது அவனுக்கு எப்படித் தெரியும்?"

அப்பாவிடம் பதில் இல்லை. எனக்கும் இல்லை. அந்த லைட் எரிந்து எத்தனை வருடமாயிற்றோ. இத்தனை அலைச்சலில் எங்கள் வீட்டுக்கு நன்மையாக நடந்தது அந்த ஒரு கேள்விதான். வண்டியைத் திருப்பி அனுப்பினார், சரியாகத்தான் அனுப்பினார். "அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் பின் லைட், பல்பு, வயர் எல்லாம் புதிதாகப் போட்டு, சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் ஒட்டிக்கொண்டு போனோம். அன்றைக்கு வேறொரு இன்ஸ்பெக்டர். "கண்ணாடி எங்க?" என்றார். முதல் நாளே இல்லாத கண்ணாடிதான் அது. தட்டுக் கட்டு ஏற்றும்போது இடிக்கிறது என்று அப்பா என்றைக்கோ கழற்றி வைத்தது. முதல் நாளே எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் ஒரே நடையில் முடிந்திருக்கும். அப்பா மூன்றாம் தடவையும் வந்தார். நான் மூன்றாம் லீவு போட்டேன்.

ஆர்.சி. தயாரானதும் கையில் தர மாட்டார்கள், 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் எல்லாம் விரைவு அஞ்சலில்தான் வருகிறது. புரோக்கரை ஒழிக்க அது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆனால் தோட்டத்துச் சாளைக்கு ஏது கதவு எண்? தபால்காரர் வாய்க்கால் மேட்டில் நின்று போன் பண்ணினால்தான் உண்டு. நம்பரை மாற்றியிருந்ததால் போன் எனக்கு வந்தது, திருப்பூரில் இருந்தபடியே வழி சொன்னேன். பழைய நம்பரே இருந்திருந்தால் எங்கள் ஆர்.சி. இன்னும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்.

இனிக் காசு விஷயம். இதைத்தான் மேலே இருப்பவர்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரு சக்கர வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க 2016 டிசம்பர் வரை 60 ரூபாய். அந்த மாதக் கடைசியில் 300 ஆக்கினீர்கள். 2021 அக்டோபரில் உத்தரவு போட்டு, 2022 ஏப்ரல் 1 முதல் பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு 1,000 ஆக்கினீர்கள். நான் 2024-ல் கட்டியது இது. கார்டுக்கு 200 தனி, பசுமை வரி தனி. 2025 ஆகஸ்டில் இன்னொரு உத்தரவு: இருபது வருடம் தாண்டியிருந்தால் 2,000. காருக்கு 10,000. பத்து வருடத்துக்குள் அறுபது ரூபாய் இரண்டாயிரமாகியிருக்கிறது. பால் விலை அப்படி ஏறியிருந்தால் அப்பா இந்நேரம் கார் வாங்கியிருப்பார்.

பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து குறைக்கத்தான் இந்த உயர்வு என்கிறீர்கள். 2021-ல் கழிவு வண்டிக் கொள்கையும் கொண்டு வந்தீர்கள். பழையதை உடைக்கக் கொடுத்துச் சான்று வாங்கினால் புதிய சொந்த வண்டிக்கு வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்று மத்திய விதி சொல்கிறது. வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எழுபத்து நாலு வயசில் புது வண்டி எதற்கு என்கிறார் அப்பா. காயலான் கடைக்காரர் எங்கள் எக்ஸெலைச் சுற்றிப் பார்த்துவிட்டு 2,500 என்றார், அதுவும் அப்பாவின் முகத்துக்காக.

சட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் எங்கள் எக்ஸெலும் அதில் அடக்கம். ஆக, எழுபது சிசி கூட இல்லாத பால் வண்டிக்கும், மூன்று லட்சம் போட்டு வாங்கிய பெரிய பைக்குக்கும் இருபது வருடம் தாண்டினால் கட்டணம் ஒன்றேதான். இன்சூரன்ஸ்காரர்கள் இப்படிச் செய்வதில்லை. மூன்றாம் நபர் இன்சூரன்ஸுக்கு 2022-ல் வைத்த விலையில் 75 சிசி வரை 538, 150 வரை 714, 350 வரை 1,366, அதற்கு மேல் 2,804, வரி தனி. எந்த வண்டி எவ்வளவு சேதம் செய்யும் என்று யோசித்துப் போட்ட நாலு படி. உங்கள் கட்டணப் பட்டியலிலும் படிகள் இல்லாமல் இல்லை: மாற்றுத்திறனாளி வண்டிக்கு 100, இறக்குமதி காருக்கு 80,000 என்று பிரிக்கத் தெரிந்திருக்கிறது. (இறக்குமதி கார்க்காரர் கட்டட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை.) அந்தப் பட்டியலில் மொபெட் என்று ஒரு வரி சேர்ப்பது அவ்வளவு கஷ்டமா?

அடுத்த தோட்டத்து மாமாவிடமும் ஒரு எக்ஸெல் இருக்கிறது. 2003-ல் பதிவானது, 2018-ல் ஒரு தடவை புதுப்பித்தார், 2023 ஆகஸ்டில் முடிந்துபோயிற்று. அந்த வருடம் அவருக்கு இடுப்பு ஆபரேஷன், வண்டி தொண்டுப்பட்டியோரம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. இப்போது மறுபடி ஓட்டுகிறார். என் ஆர்.சி. வந்த கதையைக் கேட்டுவிட்டு, "எனக்கும் ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு கண்ணு" என்றார். போட்டேன். இருபது வருடம் தாண்டியதால் 2,000. தாமதத்துக்கு மாதம் 300 என்று விதியில் இருக்கிறது, மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதம். 2025 டிசம்பர் வரை 28 மாதம், 8,400. ஆக 10,400, கார்டும் வரியும் சேர்க்காமல். வண்டியை விற்றால் ஆறாயிரம் தேறாது. வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்த மாதங்களையும் விதி விடுவதில்லை.

மாமா படித்தவரில்லை, ஆனால் கணக்கில் எனக்கு மேலே. "ஆர்.சி. இல்லாம புடிச்சா எவ்வளவு?" என்றார். சட்டப்படி முதல் தடவைக்கு 2,000-க்குக் குறையாமல் 5,000 வரை என்றேன். கொஞ்ச நேரம் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தார். "அப்ப புடிச்சா பாத்துக்கலாம் கண்ணு. வாய்க்கா மேட்டுல யாரு வந்து நிக்கப் போறாங்க?"

இதற்கு என்ன பதில் சொல்வது, சொல்லுங்கள். நேர்மையாக வந்து கட்டினால் பத்தாயிரம். மாட்டிக்கொண்டால் ஐந்தாயிரம், அதுவும் மாட்டினால்தான். இந்தக் கணக்கை எங்கள் கம்பெனியில் எழுதிக்கொடுத்தால் முதலாளி என் நோட்டைத் தூக்கி எறிவார். கட்டணத்தை ஏற்றியதில் மாமாவின் வண்டி சாலையைவிட்டுப் போகவில்லை. உங்கள் பதிவேட்டைவிட்டுத்தான் போயிற்று. பதிவு போன பிறகு அவர் இன்சூரன்ஸும் கட்டவில்லை, புகைச் சான்றுக்கும் போகவில்லை, பின் லைட் எரிகிறதா என்று கேட்கவும் யாரும் இல்லை. நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ் காசு இடித்தவருக்கும் இல்லை, இடிபட்டவருக்கும் இல்லை. செல்லுபடியாகும் பதிவு இல்லாமல் ஓடிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இழப்பீடு கிடையாது என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. மாமாவுக்கு நான் அதையும் சொன்னேன். "சாமி இருக்கு" என்றார்.

300 ரூபாயாக இருந்தபோது அவர் தானாக வந்து புதுப்பித்தவர்தான். 2018-ல் வரிசையில் நின்றவரை 2023-க்குப் பிறகு நீங்கள் இழந்திருக்கிறீர்கள். எங்கள் வாய்க்கால் மேட்டில் காலை ஐந்தரைக்கு வந்து நின்றீர்களென்றால் பால் கேனோடு போகிற எக்ஸெல்களை நீங்களே எண்ணலாம். எத்தனைக்கு ஆர்.சி. உயிரோடு இருக்கிறது என்று கேட்டால், வண்டிக்காரர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

லாரிகளுக்கும் எஃப்.சி. (தகுதிச் சான்று) கட்டணத்தை 2025 நவம்பரில் தாறுமாறாக ஏற்றியிருக்கிறீர்கள். அதைப் பேச நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் ஆள் இருக்கிறார்கள், சங்கம் இருக்கிறது, சக்கரத்தை நிறுத்தினால் ஊர் திரும்பிப் பார்க்கும். எக்ஸெல் ஓட்டுகிறவருக்குச் சங்கம் இல்லை. அவர் ஒரு நாள் வண்டியை நிறுத்தினால் அவர் வீட்டுப் பால்தான் கெடும். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

வயதை மட்டும் பார்த்துக் காசு கேட்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கிணற்று மோட்டார் எரிந்தால் காயில் கட்டி ஓட்டுகிறவர்கள் நாங்கள். முப்பது வருடத்து மோட்டார் இன்னும் தண்ணீர் இறைக்கிற தோட்டங்கள் எங்கள் பக்கம் உண்டு. லேத்தில் கொடுத்தால் எதையும் ஒருவர் கடைந்து தந்துவிடுவார். பழசு என்றாலே பழுது என்று எங்களுக்குப் பழக்கமில்லை. ஐந்து வருடத்து வண்டி பின் லைட் இல்லாமல் போவதையும் பார்க்கிறோம், இருபது வருடத்து வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி வருவதையும் பார்க்கிறோம். அன்றைக்கு இன்ஸ்பெக்டர் கேட்ட கேள்வி வண்டியின் நிலைமையைப் பற்றியது. அதற்குக் காசு கேளுங்கள், அதற்காக மூன்று தடவை வரச் சொன்னாலும் வருகிறோம்.

டெல்லியில் இருப்பவர்களிடம் நான் கேட்பது, சிறிய என்ஜின் வண்டிக்குத் தனிக் கட்டணமும், தாமதக் கட்டணத்துக்கு ஒரு உச்ச வரம்பும். புதுப்பிக்கும் கட்டணத்தைவிடத் தாமதக் கட்டணம் ஏறக் கூடாது என்று ஒரு வரி போட்டால்கூட மாமாவின் கணக்கு 4,000-த்தில் நின்றுவிடும். அப்போது நானே அவரை எக்ஸெலில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

உள்ளூர் அலுவலரே, உங்களிடம் கேட்பதற்குச் சட்டம் எதையும் மாற்ற வேண்டாம். வண்டியைத் திருப்பி அனுப்பும்போது குறைகளையெல்லாம் ஒரே சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள், அடுத்து வருகிற இன்ஸ்பெக்டர் அந்தச் சீட்டைத்தான் பார்க்க வேண்டும். மாதத்தில் ஒரு நாள், சந்தை கூடும் ஏதாவது ஒரு ஊரில், காலை நேரத்தில் ஒரு இன்ஸ்பெக்டரை அனுப்புங்கள். ஆடு மாட்டுக்கு ஊசி போட டாக்டர் ஊருக்கு வருகிறார், பால் வண்டிக்கும் ஒருவர் வரலாம். அதற்குக் கூடுதலாக நூறு ரூபாய் என்றாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மூன்று லீவில் நான் இழந்த சம்பளத்தைவிட அது எச்சு இல்லை. அப்புறம், பழைய பதிவுகளில் ஒரே போன் நம்பர் எத்தனை வண்டிகளுக்கு இருக்கிறது என்று உங்கள் கணினியில் ஒரு தடவை தேடிப் பாருங்கள். ஐம்பது வண்டிக்கு ஒரே சொந்தக்காரரா என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

எங்கள் எக்ஸெலின் ஆர்.சி. 2029 நவம்பரில் முடிகிறது. அப்பாவுக்கு அப்போது எண்பதை நெருங்கியிருக்கும். வண்டியில் உட்காருகிறாரோ இல்லையோ, வண்டி ஓடும். பதிவேட்டில் இப்போது இருப்பது என் நம்பர். அறுபது நாளுக்கு முன்னால் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள், வந்துவிடுகிறோம். பஞ்சாங்கத்துக்குள் சேசிஸ் அச்சு இன்னொரு பிரதி எடுத்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு எக்ஸெல் வீட்டுக்காரன்